இடது கை ஆள்காட்டி விரல்

டெக்சாஸ் மாநிலத்துக் காப்பெல்லில் பள்ளிப் பேருந்து ஓட்டும் திருமூர்த்தியிடம் யாராவது, "ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டால், "வாத்தியாருங்க" என்று சொல்லி நிறுத்த மாட்டார். "அஞ்சு எலெக்‌ஷன் டூட்டி பார்த்திருக்கேனுங்க" என்று கூடவே ஒன்றைச் சேர்ப்பார். கேட்டவர் என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டுவார். டெக்சாஸில் வீட்டு விலையைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது, கிரீன் கார்டு க்யூவைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஏதோ ஒரு வாக்குச்சாவடியில் உட்கார்ந்து மை வைத்த கதையைக் கேட்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆனால் மனிதர் விட மாட்டார்.

"இடது கை ஆள்காட்டி விரல். நகத்துல ஆரம்பிச்சு முதல் கணு வரைக்கும் ஒரு கோடு. ராஜாவா இருந்தாலும் அதே விரல், கூலிக்காரனா இருந்தாலும் அதே விரல்" என்பார். சொல்லும்போதே தன் விரலை நீட்டிக் காட்டுவார்.

மனைவி சாந்தி கம்ப்யூட்டர் வேலைக்காக 2006 ஜனவரியில் அமெரிக்கா வந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. கணவன் கூடவே வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மே மாதம் சட்டசபைத் தேர்தல், டூட்டி போட்டுவிட்டார்களாம். அதை முடித்துக் கொடுத்துவிட்டு ஜூனில்தான் விமானம் ஏறினார். ஆகஸ்டில் கயல் பிறந்தாள். "புள்ளையைவிட ஓட்டுப்பொட்டி முக்கியமாப் போச்சு இந்த மனுஷனுக்கு" என்று சாந்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். சொல்லிக் காட்டாமல் எப்படி இருப்பாள்?

வந்த பிறகு பன்னிரண்டு வருடம் அவர் வீட்டில்தான் இருந்தார். விசா சாந்தியுடையது, இவர் அதில் ஒட்டிக்கொண்டு வந்தவர், வேலை பார்க்கக் கூடாது. சமைத்தார், துணி மடித்தார், மகளை டேகேரில் விட்டார், கூட்டிக்கொண்டு வந்தார். வாத்தியார் என்கிற கம்பீரம் குக்கர் விசில் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒன்று மட்டும் கரையவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் தேர்தல் நடத்தினார். இன்றைக்கு ராத்திரிக்குத் தோசையா, பாஸ்தாவா? சீட்டில் எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட வேண்டும். போட்டதும் கயலின் இடது கை ஆள்காட்டி விரலில் நீலப் பேனாவால் கோடு போடுவார், இரண்டாவது ஓட்டுப் போடக் கூடாது என்று. சாந்தி வேலையாக சிகாகோ போய்விடும் வாரங்களில் வாக்காளர்கள் இரண்டே பேர், ஓட்டு எப்போதும் சரிபாதி. அப்புறம் பாஸ்தாதான் ஜெயிக்கும். தேர்தல் அதிகாரியே கட்சி மாறிவிடுவார்.

2018இல் கிரீன் கார்டு வந்தது. இனி வேலை பார்க்கலாம். முதல் காரியமாக நிரந்தர டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனார். ஜூலை மாத வெயில், சாந்தி சிகாகோவில், பள்ளிக்கூடம் லீவு. கயலையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

லைசென்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். படிக்கிற கண்ணாடி சமையலறை மேடையிலேயே இருந்தது.

"அடக் கடவுளே. கண்ணு, நீ படி, நீயே எழுது. அப்பா கையெழுத்துப் போட்டர்றேன்."

இங்கே பிறந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது ஒன்றும் புதிதில்லை. இன்ஷூரன்ஸ் கடிதம் வந்தாலும், பல் டாக்டர் ஃபாரம் வந்தாலும் பிள்ளைகள்தான் படித்துச் சொல்லும். கயல் ஃபாரம் மாட்டிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். "அப்பா, உங்க ஐ கலர் என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ப்ளாக்கா, ப்ரவுனா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த கட்டம், அமெரிக்கக் குடிமகனா என்பது. அதை அவள் கேட்கவே இல்லை, ஆமாம் என்று டிக் போட்டாள். சிட்டிசன் என்றால் என்ன என்று அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் சிட்டிசன், என் அப்பா எப்படி இல்லாமல் போவார்? ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான மனிதர்கள் இருக்க முடியும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே லைசென்ஸ் ஃபாரத்திலேயே வாக்காளர் பதிவும் உண்டு, அந்தக் கட்டத்தைத்தான் சத்தமாகப் படித்தாள். "ஓட்டுப் போட ரெஜிஸ்டர் பண்ணவா அப்பா?"

"கேட்கவே வேண்டாம், பண்ணு சாமி!"

கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கு மேலேயா கீழேயா என்றுகூடத் தெரியவில்லை, கயல்தான் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆறு வாரம் கழித்துத் தபாலில் வாக்காளர் அட்டை வந்தது. இந்த இடத்தில்தான் அந்த மனிதர் யோசித்திருக்க வேண்டும். யோசித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை! ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். நாம் சிட்டிசன் இல்லையே, நமக்கு எப்படி? ஆனால் ஐந்து தேர்தல் அவர் தலைக்குள் ஒரு சட்டத்தை ஆணி அடித்து வைத்திருந்தது. பட்டியலில் பேர் இருந்தால் ஓட்டு உண்டு. பேர் இல்லாவிட்டால் கலெக்டரே வந்து நின்றாலும் ஓட்டு இல்லை. பட்டியலைச் சரிபார்ப்பது மேலே இருக்கிறவர்கள் வேலை, சாவடியில் இருக்கிறவன் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. அரசாங்கமே பார்த்துப் பேரைச் சேர்த்து அட்டையும் அனுப்பியிருக்கிறது, அதை நாம் சந்தேகப்படுவதா?

அதற்கும் மேலே ஒரு கணக்குப் போட்டார். ஜனாதிபதித் தேர்தல் சிட்டிசனுக்குத்தான், அது நமக்கு வேண்டாம். ஆனால் பள்ளிக்கூட நிர்வாகக் குழுத் தேர்தல் இருக்கிறதே, அது உள்ளூர்க்காரர்களுக்கானது. வீட்டு வரி கட்டுகிறோம், பிள்ளை அங்கேதான் படிக்கிறது. குடியுரிமைத் தேர்வுக்கான நூறு கேள்விகளை இணையத்தில் தேடிப் படித்தார். குடிமக்களுக்கு மட்டுமே உரிய ஒரு பொறுப்பு என்ன என்று ஒரு கேள்வி, 'ஃபெடரல் தேர்தலில் ஓட்டுப் போடுவது' என்று அதற்குப் பதில். ஃபெடரல் என்றுதானே போட்டிருக்கிறது! அவருக்கு அது போதுமாக இருந்தது.

2019 மே மாதம் ஒரு சனிக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அட்டையும் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு போனார். வாக்குச்சாவடியில் ஈ, காக்கா இல்லை. காலை ஏழு மணிக்கே வளைந்து வளைந்து நிற்கும் வரிசையைப் பார்த்துப் பழகிய மனிதர், இடம் இதுதானா என்று வாசல் பலகையை மறுபடி படித்தார். மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு இவர் நாற்பத்தொன்றாவது ஆள்.

"நானும் இந்தியாவுல போலிங் ஆபீசர்" என்று தன் இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! எத்தனை பேர் வருவார்கள், மை எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டாள். கட்சிச் சின்னம் எதுவும் இல்லை, வெறும் பேர்கள்தான். பள்ளி நூலகத்தை மூடக் கூடாது என்று சொன்ன ஒரு நர்ஸம்மாவுக்குப் போட்டார். கிளம்பும்போது அந்த அம்மாள் 'நான் ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் இரண்டு கொடுத்தாள், ஒன்று மகளுக்கு.

வெளியே வந்ததும் சாந்திக்குப் போன் போட்டார். "ஏனுங்க சாந்தி, ஓட்டுப் போட்டுட்டேன்!" சாந்தி அன்றைக்கும் ஆபீஸில்தான், ஏதோ சர்வர் விழுந்து சனிக்கிழமையும் மீட்டிங். ஒரு காதில் மீட்டிங், மறு காதில் இவர். "சரிங்க, நல்லது, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். என்ன ஓட்டு, ஏது ஓட்டு என்று கேட்கவில்லை. வீட்டில் தோசை, பாஸ்தா தேர்தல் நடத்துகிற மனிதர் ஓட்டு என்றால் யார்தான் கேட்பார்கள்?

ஸ்டிக்கர் ஃப்ரிட்ஜ் கதவில் ஐந்து வருடம் இருந்தது.

அந்த ஐந்து வருடமும் அவருக்கு ஒரு சண்டை இருந்தது, எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணனோடு. மாம்பலத்துக்காரர், சிட்டிசனாகிப் பதினொரு வருடம், ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.

"ரெண்டு கட்சியும் ஒண்ணுதான்யா. ஒருத்தன் சிவப்பு போர்டு நடறான், ஒருத்தன் நீல போர்டு நடறான். எவன் வந்தா என்ன, ட்ராஃபிக் குறையப் போறதா?" என்பார் வெங்கடகிருஷ்ணன்.

"நூத்துல ஆறு பேரு ஓட்டுப் போட்டு ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தறாங்க. மிச்சம் தொண்ணூத்திநாலு பேரு எங்கீங்க போனீங்க? வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு?"

"நீ சிட்டிசன் ஆகு, என் பங்குக்கும் சேர்த்து நீயே போடு."

"ஆவேன். ஆயி, கயலும் நானும் ஒண்ணா லைன்ல நின்னு போடுவோம். பாத்துட்டே இருங்க."

அதுதான் அவருடைய ஆசை. 2024இல் கயலுக்குப் பதினெட்டு ஆகும், நவம்பரில் பெரிய தேர்தல். அப்பாவும் மகளும் முதல் தடவையாக ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வேறு எதையும் அந்த மனிதர் இந்த நாட்டிடம் கேட்கவில்லை.

குடியுரிமை விண்ணப்பத்தைச் சாந்திதான் இரண்டு பேருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பினாள். தீவிரவாத இயக்கத்தில் இருந்தீர்களா, ஆள் கடத்தினீர்களா, குடிகாரரா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. மேலிருந்து கீழ் வரைக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று டிக் அடித்துக்கொண்டே போனாள். நடுவில் ஒரு கேள்வி, எப்போதாவது ஓட்டுக்குப் பதிவு செய்தீர்களா, எந்தத் தேர்தலிலாவது ஓட்டுப் போட்டீர்களா என்று. அதற்கும் இல்லை. ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரும் வீட்டுத் தேர்தல் விளையாட்டில் ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

2024 பிப்ரவரியில் நேர்காணல். சாந்திக்கு முதல் வாரம், அவள் பாஸாகிவிட்டாள். இவருக்கு அடுத்த வாரம். அதே வெள்ளைச் சட்டை. இரண்டு பெரிய கட்சிகள் எவை, ஓட்டுப் போட எத்தனை வயது, எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னார். பிறகு அதிகாரி விண்ணப்பத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஓட்டுப் பதிவு செய்ததில்லை, ஓட்டுப் போட்டதில்லை, சரிதானே?

'ஆமாம், சரி' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், படுபாவி.

"இல்லை சார், அது தப்பு, என் மனைவி அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறாள்" என்றார் திருமூர்த்தி. "ஒரு தடவை போட்டேன். 2019, ஸ்கூல் எலெக்‌ஷன். ஃபெடரல் இல்லை சார், லோக்கல்." சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தப் பாட்டியம்மாவையும் ஸ்டிக்கரையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "நீங்கள் சொன்னது என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா?" என்று இரண்டு தடவை கேட்டார். சட்டத்தைச் சொன்னார். அவர் சொன்ன நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் திருமூர்த்திக்குள் ஒரே ஒரு தமிழ் வார்த்தையாகத்தான் இறங்கின. கள்ள ஓட்டு.

2001இல் ஒரு பையன், பத்தொன்பது வயசு இருக்கும், செத்துப்போன தாத்தாவின் சீட்டை எடுத்துக்கொண்டு இவர் மேஜைக்கு வந்தான். கட்சி ஏஜென்ட் ஆட்சேபித்ததும் பையன் அழுதான். "மாமா போடச் சொன்னாருங்க சார், தெரியாம வந்துட்டேனுங்க." "தெரியாம செஞ்சாலும் சட்டம் சட்டம்தான் தம்பி" என்று சொல்லி இவர்தான் போலீஸிடம் ஒப்படைத்தார். இருபத்துமூன்று வருடம் கழித்து அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. அவன் நின்ற இடத்தில் இப்போது இவர் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் சாந்தி ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். முழுசாக வரவில்லை. பாதி கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "அன்னிக்குப் போன்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கயல் கல்லூரிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரம். விஷயம் தெரிந்ததும் கத்தினாள். "யூ ஆர் எ டீச்சர் அப்பா! ஃபார்ம்ல சிட்டிசன்னு டிக் பண்றதுக்கு முன்னாடி படிக்கவே இல்லையா? ஹௌ குட் யூ நாட் ரீட் இட்?"

திருமூர்த்தி அவளையே பார்த்தார். அவளுக்கு ஞாபகம் இல்லை. நல்லது, ஞாபகம் இல்லை. "அப்பா முட்டாள் கண்ணு. அவசரத்துல போட்டுட்டேன்" என்றார்.

ஏப்ரலில் மனு நிராகரிக்கப்பட்டது. நாட்டை விட்டு அனுப்புவதற்கான வழக்குக்கு ஓலை வந்தது. வக்கீல் யாமினி ஆறு வருடத்துக்கு முந்தைய லைசென்ஸ் ஃபாரத்தின் நகலை வரவழைத்து மேஜையில் விரித்தாள். இந்தத் தடவை கண்ணாடி இருந்தது. பார்த்தார். குண்டு குண்டான எழுத்து, இங்கிலீஷ் 'i'க்கு மேலே புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம்.

"இது உங்க ஹேண்ட்ரைட்டிங் இல்லையே சார்" என்றாள் யாமினி. "யாரு எழுதினது?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாந்தி எட்டிப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

யாமினி மெதுவாகச் சொன்னாள். ஓட்டுப் போட்டது போட்டதுதான், அது லேசில்லை. இந்த மாநிலத்தில் அதைத் தனிக் குற்ற வழக்காகப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பவும் முடியும். ஆனால் சிட்டிசன் என்று பொய் சொன்னார் என்பதுதான் கழுத்தில் சுருக்கு, அதற்கு மன்னிப்பே கிடையாது. சிட்டிசனான மனைவி அவருக்குக் கிரீன் கார்டு கேட்கலாம், மகளுக்கு இருபத்தொன்று ஆனதும் அவளும் கேட்கலாம், ஆனால் இந்த ஒரு டிக் இருக்கிற வரைக்கும் அந்தக் கதவும் திறக்காது. "கண்ணாடி இல்லாதப்ப குழந்தைதான் ஃபில் பண்ணினா, அவருக்குத் தெரியாதுன்னு உங்க டாட்டர் ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுத்தா ஃபைட் பண்ணலாம். கேரண்டி இல்லை. பட் நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

"வேண்டாங்க" என்றார் திருமூர்த்தி.

காரில் சாந்தி அழுதாள், திட்டினாள், கையைப் பிடித்தாள். "ஏனுங்க, ஒரு காயிதம். அவ எழுதிக் குடுத்தா நீங்க இருக்கலாம். அவளே எழுதுவா, ஓடி வந்து எழுதுவா."

"எழுதுவா. எழுதிட்டும் தோத்துட்டா? கேரண்டி இல்லைன்னாங்களே. பதினோரு வயசுல நான் போட்ட டிக்கினாலதான் எங்கப்பன் போனாருன்னு ஆயுசுக்கும் அவ சொமக்கோணுமா? நான் சொமக்கறேன், எம்புள்ளை எதுக்குச் சொமக்கோணும்?"

"அப்ப நான்?" என்றாள் சாந்தி.

அவர் ஃப்ரீவேயில் வீட்டுக்கு இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போனார்.

கேஸ் நடத்தாமல் தானாகவே போய்விடுவதென்று முடிவாயிற்று, அப்படியே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நவம்பர் இருபத்தேழாம் தேதி டிக்கெட். சாந்திக்கு இங்கே வேலை, கயலுக்கு இங்கே காலேஜ். பதினெட்டு வருடம் கழித்து, விட்டுவிட்டு வந்த ஊருக்கு, விட்டுவிட்டு வந்த வேலைகூட இல்லாமல் அவர் தனியாகத் திரும்ப வேண்டும்.

செப்டம்பரில் வெங்கடகிருஷ்ணன் வந்தார். காபியை வைத்துக்கொண்டு ட்ராஃபிக்கைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, "நான் ஒண்ணு சொல்றேன்யா. நீ யாருக்குப் போடணும்னு நினைக்கறயோ சொல்லு. உன் ஓட்டை நான் போட்டுடறேன்" என்றார்.

"எம்பட ஓட்டை நீங்க போடறதுக்குப் பேரு என்னன்னு தெரியுமுங்களா?" திருமூர்த்திக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க ஓட்டை நீங்க போடுங்க. உங்க மனசுல படறவங்களுக்குப் போடுங்க. அதுவே எனக்குப் பெருசு." வெங்கடகிருஷ்ணன் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கயல்தான் பெரிய பாடாக இருந்தாள். ஓட்டுப் போட மாட்டேன் என்றாள். அப்பாவை அனுப்புகிற நாட்டுக்கு நான் எதற்கு ஓட்டுப் போட வேண்டும், ரெண்டு கட்சியும் ஒன்றுதான் என்றாள். அந்தப் பேச்சை அவர் எதிர்வீட்டிலேயே தாங்கியதில்லை, சொந்த வீட்டில் தாங்குவாரா? ஒரு வாரம் கெஞ்சினார். கடைசியில், "எனக்காகக் கண்ணு. நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒருக்கா பாத்தர்றேன்" என்றார். அவள் கண் கலங்கி, சரி என்றாள்.

அக்டோபர் கடைசியில், முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் ஒரு மாலை, அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். அதே கட்டடம். ஆனால் இந்தத் தடவை வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு பார்க்கிங் வரைக்கும் வந்திருந்தது. திருமூர்த்திக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பியது, அதைத் தொட்டுக்கொண்டே ஒரு வலியும் கிளம்பியது. "பாரு கண்ணு, எத்தனை சனம்!" வரிசையின் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியோடு வெங்கடகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

பிரச்சாரத் தட்டிகள் தாண்டக் கூடாது என்று தரையில் ஒரு எல்லைப் பலகை நட்டிருந்தார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை, பிள்ளையோடு வரிசையில் நிற்பதில் தப்பும் இல்லை. ஆனாலும் திருமூர்த்தி அந்தப் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றார். "நீ போ சாமி. அப்பா கார்ல இருக்கேன்."

ஒன்றரை மணி நேரம். கார் கண்ணாடி வழியாக அவள் வரிசையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பக்கத்தில் தான் நிற்க வேண்டிய இடத்தில் தலைநரைத்த வேறொரு மனிதன் நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் இவருக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

கயல் வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சட்டையில் ஸ்டிக்கர்.

"போட்டாச்சா?"

"ம்."

யாருக்கு என்று கேட்கவில்லை. ஐந்து தேர்தல் பார்த்த மனிதர், கேட்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். வரும்போதே எடுத்து வைத்திருந்தார் போல. "கையைக் காட்டு கண்ணு. இந்த ஊர்ல மை கிடையாது, அப்பாவே வெச்சுடறேன்."

அவள் கையை நீட்டினாள். வலது கை.

"இது இல்லை கண்ணு. மறந்துட்டியா? இடது கை, ஆள்காட்டி விரல்."

அவள் கையை மாற்றவில்லை.

"இந்தக் கைதான்பா" என்றாள். "டிக் பண்ணது இந்தக் கை."

திருமூர்த்தியின் கையில் பேனா நின்றது.

"போன மாசம் நான் ரெஜிஸ்டர் பண்ண ஃபார்ம் எழுதினேன். லைப்ரரில. ரெண்டு பாக்ஸும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. அப்போ ரிமெம்பர் ஆச்சு. உங்க ஐ கலர் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. யூ டிட்ன்ட் ஹேவ் யுவர் கிளாசஸ்." மூக்கை உறிஞ்சினாள். "நான் யாமினி ஆன்ட்டிக்குப் போன் பண்ணினேன். நான் எழுதித் தரேன்னு சொன்னேன். உங்க அப்பா சைன் பண்ணிட்டார், கேஸ் குளோஸ்னு சொன்னாங்க. டூ லேட்னு சொன்னாங்க."

"இல்லை சாமி. உனக்கு ஞாபகப் பிசகு." அவர் விடவில்லை. "நீ ஐ கலர் மட்டுந்தான் எழுதுனே. மத்ததெல்லாம் நான்தான் எழுதுனேன். அந்த டிக் நான் போட்டது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

கயல் அவரை நேராகப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பா, பொய் சொல்லாதீங்க" என்றாள். "அந்த ஆபீசர்கிட்டகூட நீங்க பொய் சொல்லலை."

அதற்கப்புறம் அந்த மனிதரால் முடியவில்லை. மகளின் வலது கையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிப்ரவரியிலிருந்து அழாததையெல்லாம் அழுதார். பேனா காலடியில் எங்கோ உருண்டுபோனது.

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். காரை எடுத்தால் அந்த இடத்தில் அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.